மார்கழிக் கோலம் முதல் காணும் பொங்கல் வரை: எங்கள் கிராமத்து வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு போன் ஓயாது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகளும் மருமகள்களும் ஆளுக்கு ஒரு நேரம் கூப்பிடுவார்கள். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். போன வருஷம் ஒரே வாரத்தில் நாலு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் அளவு சொன்னேன். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றின் கரையோரம். மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு பசு, ஒரு கன்று, கொல்லையில் ஆறு தென்னை. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து 31 வருஷம் ஆகிறது. இங்கே நடப்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் ஊரில் வேறு மாதிரி இருந்தால் உங்கள் ஊர் வழக்கத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா, பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு போடணும்?

போகி ராத்திரி பஸ் பிடித்து, பொங்கலன்று காலை கண் எரிச்சலோடு வந்து இறங்கி, காணும் பொங்கல் சாயங்காலம் கிளம்பிவிடுகிறீர்கள். அடுப்பில் பானை ஏறும் நேரத்தை மட்டும்தான் பார்க்கிறீர்கள். அதற்கு முந்தைய நாற்பது நாள் வேலை உங்கள் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

முடிந்தால் மார்கழி 25 வாக்கில் வந்துவிடுங்கள். ஜனவரி 9 அல்லது 10 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் கோலம் போடலாம், கூடாரவல்லி கிடைக்கும், வயலுக்குப் போய் கதிர் அறுத்து வரலாம், வீடு ஒழிப்பதில் கை கொடுக்கலாம். லீவு கிடைக்காதவர்கள் டிசம்பர் கடைசியில் ஒரு சனி ஞாயிறு வந்து போங்கள். பொங்கல் கூட்டத்தில் கிடைக்காத பேச்சு அப்போது கிடைக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா?

பனி விழும் நாட்டில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், சரி. ஆனால் இங்கேயும் இருக்கிறது. நம் கணக்கில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். விடியற்காலையில் 20 டிகிரி பக்கம் இறங்கும். அதோடு ஆற்று ஈரமும் வயல் ஈரமும் சேர்ந்தால் முற்றத்துத் தரையில் வெறும் காலை வைக்க முடியாது.

வானிலை அறிக்கை பார்க்காமலே வீட்டுக்குள் அது தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். ராத்திரி உறை ஊற்றிய பால் காலையில் பாலாகவே இருக்கும். அதற்கு எங்கள் அப்பாயி சொன்ன வழியைத்தான் இன்றும் செய்கிறேன்: பாலைக் கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, பாத்திரத்தை அரிசி டின்னுக்குள் புதைத்து மூடி வைப்பேன். அரிசி சூட்டை விடாது. இட்லி மாவையும் சாயங்காலம் நாலு மணிக்கே அரைத்துவிட வேண்டும். ஏழு மணிக்கு அரைத்தால் மறுநாள் புளிக்காது, இட்லி கல்லாக வரும்.

விடிகாலை நாலரைக்கு எழுந்தே ஆகணுமா?

ஆகணும் என்று யாரையும் நான் எழுப்புவதில்லை. எழுந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பெருமாள் கோவில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பிக்கும். முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. சிவன் கோவிலில் திருவெம்பாவை. வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, அது கொஞ்சம் உள்ளே இழுத்தபின் புள்ளி வைப்போம். சாணத் தண்ணீர் அப்படியே நிற்கும்போது மாவை விட்டால் கோடு கரைந்துவிடும். காய்ந்துபோனால் மாவு பிடிக்காமல் காற்றில் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, பனிக்காலத்தில் அது பத்து நிமிஷம் நிற்கும். என் மருமகள் முதல் வருஷம் இதைப் பிடிக்க ஒரு வாரம் சிரமப்பட்டாள். இப்போது என்னைவிட நேராக இழை இழுக்கிறாள்.

கோலத்தின் நடுவில் சாண உருண்டை பிடித்து வைத்து அதன் தலையில் பரங்கிப்பூவைச் செருகுவோம். பரங்கிப்பூ விடியும்போது விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். பறிக்கும்போது பார்த்துப் பறியுங்கள். பூவுக்கு அடியில் சின்ன உருண்டையாகப் பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண் பூ. தொடாதீர்கள், அதுதான் காய்க்கும். நீளமாக, மெலிசான காம்பில் நிற்பது ஆண் பூ. அதை மட்டும் பறிக்கலாம். அதிலும் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடாமல் நாலைந்தைக் கொடியில் விட்டுவிட வேண்டும், வண்டுக்கு வேலை இருக்கிறது. ஒரு வருஷம் பிள்ளைகள் ஆசையாகக் கூடை நிறையப் பறித்து வந்தார்கள், பாதிக்கு மேல் பிஞ்சோடு. அந்தப் பொங்கலுக்குக் குழம்பில் போடப் பரங்கிக்காயைக் கடையில் வாங்கினோம்.

அந்தச் சாண உருண்டைகளை அப்புறம் என்ன செய்வீர்கள்?

பூவோடு தட்டி வறட்டியாகக் காயவைத்து ஒரு பழைய கூடையில் சேர்த்து வைப்போம். முப்பது நாள் வறட்டியும் பொங்கல் அடுப்புக்குப் போகும். தென் மாவட்டங்களில் இதை இன்னும் அழகாகச் செய்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு வாசலில் களிமண்ணால் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுத்து, அதில் அவர்களே பொங்கல் வைப்பார்கள். சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். அன்றைக்குப் பூ வறட்டிகளை ஆற்றில் விடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோலமாவா, அரிசி மாவா?

மார்கழி முழுக்க அரிசி மாவு கட்டுப்படியாகாது. தினமும் கல்மாவில் போட்டுவிட்டு, சுற்றிலும் ஒரு இழை மட்டும் அரிசி மாவில் இழுங்கள். எறும்புக்கு அது போதும். பொங்கலன்று மட்டும் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாக்கோலம், செம்மண் கரை.

மார்கழியில் வீட்டில் என்ன விசேஷம்? கல்யாணம்தான் கிடையாதே?

கல்யாணம் இல்லை என்பதால் மாதமே சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். திருவாதிரையன்று களி உண்டு. பச்சரிசியைச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, வெல்லப் பாகில் வேகவைப்பது. கூடவே ஏழு காய் போட்ட குழம்பு. இனிப்பையும் புளிப்பையும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முதலில் தயங்குவார்கள், இரண்டாவது வாய்க்கு அப்புறம் தயங்கமாட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி. 27ஆம் நாள் கூடாரவல்லி. ஆண்டாள் அந்தப் பாசுரத்தில் 'மூட நெய் பெய்து முழங்கை வழிவார' என்று பாடியிருக்கிறாள், அதற்காகவே அக்காரவடிசல். அரிசியைப் பாலிலேயே குழைய வேகவிட வேண்டும். அடுப்பை விட்டு நகர முடியாத வேலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு நெய்யில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பனங்கிழங்கு எப்போது கிடைக்கும்?

ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளை மணல் மேட்டில் புதைப்போம். மார்கழிக் கடைசியில் தோண்டலாம். குருத்து மேலே வந்து ஓலை விரிய விட்டால் நார் ஏறிவிடும், கடிக்க முடியாது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துச் சூடாக உரித்துத் தின்ன வேண்டும். போகியன்று இரண்டு கட்டு தோண்டி வைப்பேன்.

பொங்கலுக்குப் புது அரிசி என்கிறீர்களே, அறுவடை அதற்குள் முடிந்துவிடுமா?

பெரும்பாலும் முடியாது. சம்பா ஆவணியில் விதைத்தால் தையில்தான் அறுப்பு, குறுவை அறுத்தபின் நடுகிற தாளடி இன்னும் தள்ளிப் போகும். பொங்கலன்று வயலில் பயிர் நின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் முன்னாலேயே புதிர் எடுப்போம். நல்ல நாள் பார்த்து, முற்றிய கதிராக ஒரு கைப்பிடி அறுத்து, சாமி முன்னால் வைத்துவிட்டு, நிழலிலும் வெயிலிலுமாக உலர்த்தி, உரலில் குத்திப் புடைத்தால் கொஞ்சம் அரிசி தேறும். அதைப் பழைய அரிசியோடு கலந்து பானையில் போடுவோம். பானையில் இருப்பது எல்லாமே புதுசு இல்லை, ஆனால் புதுசு இல்லாமல் பானை ஏறாது. கதிர் அறுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கென்றே நிறுத்தி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

2021இல் அந்த ஒரு கைப்பிடியும் கிடைக்கவில்லை. அந்த ஜனவரியில் டெல்டா முழுவதும் மழை கொட்டியது. வழக்கமாகக் கார்த்திகையோடு ஓய வேண்டிய மழை, அறுக்கத் தயாராக நின்ற பயிரின் மேல் நாள்கணக்கில் பெய்தது. எங்கள் வயலில் பயிர் அப்படியே படுத்துவிட்டது. தண்ணீரை வடியவிட்டு வரப்பில் நின்று ஒரு கதிரைக் கையில் எடுத்தேன். மணியெல்லாம் ஊதி, ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக முளை. கதிரிலேயே முளைத்துவிட்டது. என் கணவர் ஒன்றும் பேசவில்லை, அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். அந்த வருஷம் பழைய அரிசியில்தான் பொங்கினோம். முளைத்த அந்தக் கதிரைப் பானைக்கு முன்னால் வைத்தோம்.

அறுத்தால் மட்டும் போதாது, நெல் காய வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை வருஷங்களில் அரசு தளர்வு கேட்டு வாங்கும். மார்கழி, தைப் பனியில் நெல்லைக் களத்தில் கொட்டினால் பகலில் காய்ந்த ஈரம் ராத்திரியில் திரும்ப ஏறிக்கொள்ளும். அதனால்தான் சாயங்காலம் ஆனதும் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம், காலையில் பனி விலகியபின் திறக்கிறோம். உங்கள் மாமா, அதாவது என் கணவர், பொங்கல் நாளிலும் ராத்திரி களத்தில் படுப்பது இதற்காகத்தான். அவருக்குக் குடும்பத்தோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

நெல் நிற்கும் வயலிலேயே உளுந்து தெளிப்பதாகச் சொன்னாங்களே, அது எப்படி?

டெல்டாவின் பனிக்கால வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்கும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் வயலில் தண்ணீரை வடித்துவிடுவோம். மண் மெழுகுப் பதத்துக்கு வரும். கால் வைத்தால் தடம் பதியும், ஆனால் புதையாது. அப்போது நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப் பயறையோ கையால் விசிறிவிடுவோம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ. ஆள் வைத்து அறுப்பதாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் முன்னால் தெளிக்கலாம், விதை முளைத்து நிற்கும்போது அரிவாள் மேலே போகும். மெஷின் என்றால் நாலைந்து நாள் முன்னால்தான் தெளிக்க வேண்டும். முளை வெளியே வந்தபின் பெல்ட் வண்டி ஏறினால் நசுங்கிவிடும்.

அதோடு சரி. உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடிவிடும். அதற்கப்புறம் ஆற்றிலும் தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும் ராத்திரி விழுகிற பனியும்தான் உளுந்துக்கு. தை மாதம் காலையில் அந்த வயலில் நடந்தால் அறுத்த தாள்களுக்கு நடுவில் சின்னச் சின்னப் பச்சை இலை, ஒவ்வொன்றிலும் தண்ணீர் உருண்டு நிற்கும், முழங்கால் வரை புடவை நனைந்துவிடும். எழுபது நாளில், பங்குனியில், பறித்துவிடலாம். அந்த உளுந்துதான் வருஷம் முழுக்க உங்களுக்கு அனுப்புகிற இட்லி உளுந்து.

போகிக்கு என்ன எரிக்கலாம்?

ஓட்டைப் பாய், தேய்ந்த துடைப்பம், முறம், உதிர்ந்த ஓலை. அவ்வளவுதான். பிளாஸ்டிக், டயர், பழைய துணிகளைத் தொடவே கூடாது. 2018இல் போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரை ஓரத்து இறவாணத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவார்கள். எனக்கு நெருப்பைவிட அதுதான் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் போகி என்றால் பரணை ஒழிப்பதும் வெள்ளை அடிப்பதும்தான்.

மண்பானையா, வெண்கலப் பானையா?

இரண்டும் வைப்போம். வெண்பொங்கல் மண்பானையில், சர்க்கரைப் பொங்கல் மாமியாரின் வெண்கலப் பானையில். மண்பானையை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கடைசி நாள் வாங்கி அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். வெளியே அரிசி மாவில் கோலம், கழுத்தில் இலையோடு மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும். இந்த மஞ்சளும் சித்திரை வைகாசியில் நட்டு இப்போதுதான் முற்றி வருகிறது. செங்கரும்பும் அப்படியே, பத்து மாசப் பயிர்.

பால் பொங்கி வழியவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறோம்?

பானை பெரியதாக இருக்கும், தண்ணீர் குறைவாக இருக்கும். கழுத்து வரை நிரப்புங்கள். வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் வழியாது, குமிழி உடைந்துகொண்டே இருக்கும். பாலில் உள்ள புரதமும் அரிசி கழுவிய தண்ணீரில் உள்ள மாவும் குமிழியின் மேல் தோல் மாதிரி படிந்து உடையவிடாமல் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருகிற ஆவி அதை மேலே தள்ளும், குறுகிய கழுத்துக்கு வந்ததும் சட்டென்று ஏறும். அதனால் முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுநீரைப் பானையில் ஊற்றி, அதோடு ஒரு செம்பு பால் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதி வருவதற்கு முன்னால் தீயைக் கூட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் வழிந்தாலும் குலவையும் 'பொங்கலோ பொங்கலு'ம் ஒரே மாதிரிதான்.

சரி, அளவு சொல்லுங்கள்.

அரைக் கிலோ பச்சரிசிக்கு நூறு கிராம் பாசிப்பருப்பு, வாசம் வர வறுத்தது. ஒரு கிலோ வெல்லம். எங்களுக்குப் பக்கத்தில் வீரமாங்குடி அச்சுவெல்லம் கிடைக்கிறது, அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. நெய் இருநூறு கிராம், அதற்கு மேல் உங்கள் மனசு. முந்திரி, திராட்சை, ஏலம், மிளகளவு பச்சைக் கற்பூரம்.

பொங்கி வழிந்ததும் இரண்டு மூன்று செம்புத் தண்ணீரை முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போடுங்கள். தேவைப்படத் தேவைப்பட முகந்ததை ஊற்றிக்கொள்ளலாம். புது அரிசி அளவில் நாலு மடங்கு தண்ணீரில் குழையும், பழைய அரிசி ஐந்து கேட்கும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி வையுங்கள், மண் இருக்கும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்: அரிசி விரலால் மசிக்க மசியும் வரை வெல்லத்தைச் சேர்க்கவே கூடாது. வெல்லம் விழுந்த அரிசி அதற்கப்புறம் எத்தனை நேரம் வைத்தாலும் வேகாது. வெல்லம் ஊற்றியபின் தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் அகப்பையை விடாமல் கிளற வேண்டும்.

பொங்கல் குழம்பில் எத்தனை காய்?

கொல்லையில் என்ன காய்த்திருக்கிறதோ அத்தனையும். பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி, கருணை, சேம்பு. மொச்சை, அவரைக்குப் பனிக்காலம்தான் பருவம், சித்திரையில் இந்த ருசி வராது. மிச்சக் குழம்பை மறுநாள் சுண்டக் காய்ச்சிப் பழைய சோற்றோடு சாப்பிடுவதற்கென்றே என் தம்பி வருவான்.

பானையை யார் இறக்கலாம், யார் இறக்கக் கூடாது என்று ஏதும் சாஸ்திரம் உண்டா?

இதைக் கேட்டது என் தம்பி மகள். அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

என் பெரிய நாத்தனார், உங்களுக்கு அத்தை, முப்பத்து நாலு வயதில் கணவரை இழந்து இங்கேயே வந்துவிட்டார். பொங்கலுக்கு முந்தின ராத்திரி அடுப்புக் கட்டி சாணம் மெழுகுவது அவர், அரிசி களைவது அவர், வெல்லம் தட்டுவது அவர், விறகைத் தள்ளித் தீயைப் பார்ப்பது அவர். பால் பொங்கி வருகிற நேரம் மட்டும் யாரும் சொல்லாமலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். குலவைச் சத்தம் அடங்கியபின் திரும்பி வருவார். பதினோரு வருஷம் நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு பொங்கலன்று என் மாமியார், அப்போது எண்பதை நெருங்கியிருந்தார், அவர் எழுந்ததைப் பார்த்துக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தீய மூட்டுனவ நீ. நீயே எறக்கு" என்றார். அத்தை பிடிதுணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் இறக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பானையை அத்தைதான் இறக்குகிறார். இந்த வீட்டு சாஸ்திரம் இதுதான்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலுக்கு என்ன கொடுக்கணும்?

வேட்டி, புடவை, நெல், காசு கொடுப்பது பழைய வழக்கம், அதில் குறை வைக்கக் கூடாது. ஆனால் அந்தக் காலத்தில் கொல்லைப்பக்கம் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். நடவு நட்ட கைகளை அப்படி நிறுத்தியது பெரிய தப்பு. இப்போது வாசல் வழியாக வருகிறார்கள், எங்களோடு ஒரே பந்தியில் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் பரிமாறுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று என்ன வேலை இருக்கும்?

காலையில் மாடுகளை ஆற்றுக்கு ஓட்ட வேண்டும். பனி விலகி வெயில் வந்தபின் ஓட்டுங்கள், ஈரத்தோடு நின்றால் கன்றுக்குச் சளி பிடிக்கும். கொம்புக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசுங்கள், இரும்புக் கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் வேண்டாம். நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்துக்கு மாவிலையும் வேப்பிலையும் கலந்த மாலை, அதோடு நெட்டி மாலை.

நெட்டி என்பது குளம் குட்டைகளில் வளரும் ஒரு செடி. தண்டின் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், எடையே இருக்காது. அதைச் சீவிச் சாயம் ஏற்றிக் கோப்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கன்பேட்டையில் பொங்கலுக்கு என்றே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் மாலை மலிவாகக் கிடைக்கிறது, மாடு அதைத் தின்றுவிட்டால் வயிற்றில் தங்கிவிடும். தயவுசெய்து நெட்டி மாலையே வாங்கி வாருங்கள்.

சாயங்காலம் தொழுவத்தில் பொங்கல் வைத்து மாடுகளுக்கு ஊட்டியபின், தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு மாவிலையால் தண்ணீர் தெளித்துச் சுற்றி வருவோம். 'பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக.' வெட்கப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள், மாடு மிரளாது, அதற்குப் பழக்கம்தான். அன்றைக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோவில் நந்திக்கும் காய், கனி, இனிப்பால் அலங்காரம் உண்டு. காரில் வருகிறவர்கள் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜல்லிக்கட்டு?

எங்கள் ஊரில் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர்.

கனுப் பிடி வைக்கும்போது என்ன சொல்லணும்?

மாட்டுப் பொங்கலன்று விடிகாலையில், குளிப்பதற்கு முன்னால், முதல் நாள் பானையில் கட்டிய மஞ்சளை எடுத்து மூத்த சுமங்கலிகள் நெற்றியில் கீறிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அத்தையும் கீறிவிடுவார். பிறகு மொட்டை மாடியிலோ ஆற்றங்கரையிலோ மஞ்சள் இலையை விரித்து, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக வைப்போம். 'காக்காப் பிடி வச்சேன், கனுப் பிடி வச்சேன்' என்று சொல்லிக்கொண்டே வைக்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று வைப்பது இது. அண்ணன் தம்பிமார்களே, அன்றைக்கு உங்கள் அக்கா தங்கைக்கு ஒரு போனாவது போடுங்கள்.

வெளிநாட்டில், அடுக்குமாடியில் எப்படிச் செய்வது?

கேஸ் அடுப்பில் குறுகிய வாய் உள்ள பாத்திரம் வைத்தால் போதும். சூரியனைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வையுங்கள். மஞ்சள் கொத்து கிடைக்காவிட்டால் மஞ்சள் துண்டு ஒன்றை நூலில் கோத்துக் கட்டுங்கள். வேலை நாளாக இருந்தால் விடியற்காலையிலேயே முடித்துவிடலாம். ஜனவரி 14ஆ 15ஆ என்ற குழப்பம் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தால் வருவது, உங்கள் ஊர்க் கோவில் வைக்கிற தேதியில் வையுங்கள்.

திரும்பிப் போகும்போது என்ன எடுத்துப் போகலாம்?

பானையில் கட்டிய மஞ்சளை உங்களுக்கு ஆளுக்கு ஒரு விரல் கொடுப்பேன். நிழலில் உலர்த்தி அரிசி டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு படி புது அரிசி, இரண்டு அச்சுவெல்லம், மூன்று பனங்கிழங்கு. கரும்பை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கணு கணுவாக நறுக்கிப் பையில் போட்டுத் தருகிறேன். பரங்கி விதை வேண்டுமென்றால் கேளுங்கள், அடுத்த ஆடியில் தொட்டியில் ஊன்றலாம்.

நீங்கள் கிளம்பிய மறுநாள் நானும் அத்தையும் வெண்கலப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றுவோம். அதற்குள் மாமா உளுந்து வயலுக்குப் போயிருப்பார்.